படகு எத்தனை அடி நீளம்னு கேட்காதீங்க

ஸ்டார்ட்அப் ஐடியா சொல்லச் சொன்னா, நம்ம கிளாஸ்ல யாராவது ஒருத்தர் கட்டாயம் டூரிசம்னு சொல்வாங்க. அதுல ஒரு வகை, தூண்டில் மீன்பிடிப் பயணம். படகை வாடகைக்கு விட்டு, ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் மீன் பிடிக்க வைக்கிற தொழில். அந்தமான்ல இது நடக்குது. அமெரிக்காவுல பெரிய தொழில்.

உத்தனப்பள்ளில உட்கார்ந்துகிட்டு படகைப் பத்தி என்ன பேச்சுன்னு கேட்காதீங்க. ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏத்த குட்டியானை வாங்கலாமா, பெரிய வண்டி வாங்கலாமான்னு நம்ம ஊர்ல தினம் நடக்கிற பேச்சும் இதேதான். என்ன சைஸ்?

பெரும்பாலும் நாம தப்பான அளவைத்தான் கேட்கிறோம். "எத்தனை அடி? எத்தனை சீட்?" என் கருத்து: முதல்ல கேட்க வேண்டியது அகலம். அடுத்தது, கூட்டம் இல்லாத நாள்ல எத்தனை பேர் வருவாங்க என்பது.

அகலம் ஏன்? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல மெட்டாசென்ட்ரிக் ஹைட் சோதனை ஞாபகம் இருக்கா? தொட்டியில ஒரு குட்டிப் படகு, நகர்த்துற எடை, தொங்குற ஊசி. சாய்ந்த படகை மறுபடி நிமிர்த்துற திறன், நீர்மட்டத்துல படகுக்கு இருக்கிற மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவைப் பொறுத்தது. பெட்டி மாதிரி படகுன்னா அது நீளம் × அகலத்தோட கனம் ÷ 12. நீளத்தை இரட்டிப்பாக்கினா 2 மடங்கு. அகலத்தை இரட்டிப்பாக்கினா 8 மடங்கு! ஒகேனக்கல் பரிசலைப் பாருங்க. சின்னதுதான், ஆனா வட்டம். நீளம் எவ்வளவோ அகலமும் அவ்வளவு. ஆழம் குறைஞ்ச, பாறை நிறைஞ்ச தண்ணிக்கு எந்த ஃபார்முலாவும் எழுதாம நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச சைஸ் அது.

மீன்பிடிப் பயணத்துல இது இன்னும் முக்கியம். ஒருத்தர் தூண்டில்ல பெரிய மீன் மாட்டினா மத்தவங்க சும்மா உட்கார்ந்திருப்பாங்களா? மொபைலைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் அந்தப் பக்கம்தான் ஓடுவாங்க. 2009 செப்டம்பர் 30-ல தேக்கடி ஏரியில 'ஜலகன்யகா'ங்கிற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்ததும் ஒரு காரணமா சொல்லப்பட்டது. அதனால எல்லாரும் சீட்ல ஒழுங்கா உட்கார்ந்திருப்பாங்கன்னு கணக்கு போட்டுப் படகு வாங்கக் கூடாது. எல்லாரும் ஒரே பக்கம் நிப்பாங்கன்னு கணக்கு போட்டு வாங்கணும்.

இப்போ சீட் கணக்கு. 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. கேரளாவுல தானூர் பக்கம், மீன்பிடிப் படகை மாத்தி மேல்தளம் போட்ட ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க, அதுல நிறைய குழந்தைங்க. 22 பேர் ஏற வேண்டிய படகுல 37 பேர் இருந்ததா செய்திகள் சொல்லுச்சு. கூடுதலா 15 பேர். ஆளுக்கு 70 கிலோன்னு வெச்சாலும் ஒரு டன்னுக்கு மேல. அந்த எடை மேல்தளத்துல ஏற ஏற ஈர்ப்பு மையம் மேல போகும், நிமிர்த்துற திறன் குறையும். மீனும் ஐஸும் அடியில கிடக்கிற படகுல, அந்த இடத்துக்குப் பதிலா மேல மனுஷங்களை நிக்க வெச்சா, அது வேற படகு.

"அப்போ பெரிய படகா வாங்கிட்டா போச்சே?"ன்னு தோணும். அங்கதான் தொழில் அடிபடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து 20 பேர் படகு வாங்கினா, செவ்வாய்க்கிழமை 4 பேர் வருவாங்க. அன்னைக்கும் டீசல் படகோட எடைக்குத்தான் எரியும். எத்தனை பேர் வந்தாங்கன்னு இஎம்ஐ கேட்காது. ஆறு மாசம் அப்படி ஓடினா, ஞாயிற்றுக்கிழமை 30 பேரை ஏத்தச் சொல்லி அந்தக் கடனே கையைப் பிடிச்சு இழுக்கும். அதிக லோடு வெறும் பேராசையால வர்றது இல்லை. சைஸை தப்பா தேர்ந்தெடுத்த நாளிலேயே அது ஆரம்பிச்சிடுது.

அமெரிக்காவுல இதுக்கு ஒரு கோடு போட்டிருக்காங்க. பொதுவா, காசு கொடுத்து வர்ற பயணிகள் 6 பேர் வரைன்னா படகுக்கு ஒரு வகை விதி. 7-வது ஆள் ஏறினா, கடலோரக் காவல்படை சோதனை பண்ணிச் சான்று தந்த படகா இருக்கணும். அதனாலதான் அங்க நிறைய மீன்பிடிப் படகுகள் ஆறு பேரோட நிக்குது. ஆறு பேருக்குன்னே திட்டமிட்டு, ஆறு பேர் கட்டணத்துல கட்டுப்படியாகிற மாதிரி கடன் வாங்குறாங்க.

நான் சொல்றதும் அதுதான். வார நாள் கூட்டத்துக்குக் கட்டுப்படியாகிற படகை வாங்குங்க. ஞாயிற்றுக்கிழமை ஆள் அதிகமா வந்தா ட்ரிப்பைக் கூட்டுங்க, தலையைக் கூட்டாதீங்க. அடுத்த ஆளுக்கு 'இல்லை'ன்னு சொல்லியும் தொழில் நடக்குதுன்னா, அதுதான் சரியான சைஸ்.

நம்மள்ல பலபேர் படகு வாங்கப் போறதில்லை. ஆனா ஃபைனல் இயர் டூர்ல எல்லாரும் ஒரு படகுல ஏறுவோம். ஏறுறதுக்கு முன்னாடி லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு பாருங்க, தலைகளை எண்ணுங்க. கணக்கு இடிச்சா இறங்கிடுங்க. கேங் கிண்டல் பண்ணும், பண்ணட்டும்.