பங்கீட்டு அரிசியும் தகுதிப் பட்டியலும்

நியாய விலைக் கடை அரிசியை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்னும் விவாதம் புதியதன்று. ஆயினும் நம் சங்கங்களின் மகாசபைகளில் அது எழும்போதெல்லாம், "மாடி வீட்டுக்காரருக்கும் இலவச அரிசி எதற்கு?" என்ற ஒரே கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. இக்கேள்வியை உரக்கக் கேட்போர் பெரும்பாலும் நெசவாளரும் விவசாயிகளுமாகிய அங்கத்தினர்களே. சலித்தெடுக்கத் தொடங்கினால் முதலில் வெளியே விழக்கூடியவர் தாங்களே என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மத்திய அரசாங்கம் 1997 ஜூனில் குடும்பங்களை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு அப்பிரிவினையைப் பின்பற்றாது, அனைவருக்கும் அரிசி என்னும் முறையிலேயே நின்றது. பிரித்த முறை என்ன பலன் தந்தது? மத்தியத் தொகுப்பிலிருந்து சென்ற மானிய தானியத்தில் ஏறத்தாழ 58 சதவீதம் ஏழைக் குடும்பங்களைச் சேரவேயில்லை என்று 2005-இல் திட்டக் கமிஷனின் மதிப்பீட்டு அறிக்கையே கூறிற்று. ஏழையைக் கண்டெடுக்கவென்று ஏற்பட்ட முறை ஏழையையே தவறவிட்டது. அபிஜித் சென் தலைமையிலான உயர்மட்டக் குழு, அனைவருக்குமான விநியோகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று 2002-லேயே பரிந்துரைத்திருந்தது.

தவறியதற்குக் காரணம் அதிகாரிகளின் அசட்டை மட்டுமன்று. வருமானத்தை எதைக் கொண்டு அளப்பது? சங்கத்தில் பாவும் ஊடையும் பெற்றுச் சேலை நெய்து கொடுப்பவரின் கூலி முழுவதும் சங்கப் புத்தகத்தில் எழுத்தாகிறது. அதிலிருந்து நூல் சுற்றுபவருக்கும் பாவு புணைப்பவருக்கும் அவர் கொடுப்பது எங்கும் எழுத்தாவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் குழித்தறியில் நீர் ஊறி வேலை நின்றுபோன நாட்களும் அப்படியே. காகிதத்தில் அவர் வசதியுள்ளவராகிவிடுவார். மானாவாரி நிலம் ஐந்து ஏக்கர் பட்டாவில் வைத்திருப்பவரின் கதையும் இதுவே. பட்டா மழையைக் கணக்கில் கொள்வதில்லை. கணக்கு வைத்து ஒழுங்காக நடப்பவர் விலக்கப்படுவதும், கணக்கே காட்டாத வட்டிக்கடைக்காரர் உள்ளே நுழைவதும் இத்தகைய அளவைகளின் இயல்பு. முன்னுரிமைக் குடும்பங்களுக்கான விலக்குகளை மாநில அரசாங்கம் 2017-இல் விதிகளாக வெளியிட்டபோது ஊர்தோறும் எழுந்த கலக்கம் நினைவிருக்கும். அனைவருக்கும் விநியோகம் தொடரும் என்று விளக்கம் வந்த பின்னரே அது அடங்கிற்று.

மாடி வீட்டுக்காரரைப் பற்றிய ஆத்திரத்தில் நியாயம் அறவே இல்லையென்று கூறமாட்டேன். ஆனால் அவர் பெரும்பாலும் கடைக்கு வருவதில்லை. வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறலாம். பொருளே பெறாத அட்டையும் உண்டு. அவர் அட்டையை மாற்றாமலும், அரிசியை வாங்காமலும் இருக்கும்போதுதான் தீங்கு பிறக்கிறது. வாங்காத அட்டைக்கு விற்றதாகப் பதிவு விழுந்து, அந்த அரிசி இரவில் வண்டியேறிப் போகிறது. இதைத் தடுக்கத் தகுதிப் பட்டியல் உதவாது. பதிவைச் சரிபார்ப்பதே உதவும். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடும் அங்கத்தினர் இக்களவுக்குத் தம்மையறியாமல் துணை போகிறார்.

உண்மையில் திருத்தம் வேண்டியிருக்கும் பட்டியல் வேறொன்று. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அச்சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு 5 கிலோ. அந்தியோதய அட்டைக்கு 35 கிலோ. அந்தியோதயத் திட்டம் 2000 டிசம்பரில், வறியவருள் வறியவருக்கென ஏற்பட்டது. அன்று எழுதிய பெயர்களுள் பல இன்றும் அப்படியே நிற்கின்றன. நான் ஆய்வுக்குச் சென்ற ஓர் ஊரில், பிள்ளைகள் தலையெடுத்து மாவு மில் வைத்துவிட்ட குடும்பத்தின் அட்டைக்கு 35 கிலோ. அடுத்த தெருவில், கணவரை இழந்து நூல் சுற்றிப் பிழைக்கும் மூதாட்டியின் தனி அட்டைக்கு 12 கிலோ. அம்மூதாட்டி மனுக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்பட்டியலை ஆண்டுக்கொருமுறை கிராம சபையில் வாய்விட்டுப் படிக்க வேண்டும்; கடைவாசலிலும் ஒட்ட வேண்டும். பெயரைச் சேர்ப்பது விரைவாகவும், நீக்குவது உரியவரை நேரில் கேட்ட பிறகும் நடக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஊரார் முன்னிலையில் நடக்கும் தேர்வில் பொய் நிற்பது கடினம்.

விரல்ரேகை விஷயத்திலும் ஒரு வார்த்தை. நாற்பது ஆண்டுகள் பாவுநூலை நீவியவரின் விரலிலும், மண்வெட்டி பிடித்தவரின் விரலிலும் கருவி தேடும் ரேகை இருப்பதில்லை. அவருக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் உண்டு. அதைக் கேட்டுப் பெறுவோர் சிலரே. கொடுக்க முன்வரும் கடையும் சிலவே. 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டம் முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வீட்டுக்கே பொருளைக் கொண்டு செல்ல முற்பட்டது, நல்ல ஏற்பாடு. எனினும், ஐம்பது வயதில் விரல் தேய்ந்தவர் முதியோரும் அல்லர், மாற்றுத்திறனாளியும் அல்லர்.

இனி, அங்கத்தினர்கள் அதிகம் அறியாத ஒன்று. மாநிலத்தின் நியாய விலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்களே. எனவே கடையின் குறை நம் குறை. கிடங்கிலிருந்து வரும் மூட்டையில் 50 கிலோ என்று எழுதியிருக்கும். கடையில் இறக்கி நிறுத்தால் இரண்டு கிலோ குறைவதுண்டு. சாக்கின் எடை, வழியில் சிந்தல், கொக்கி போட்ட துளை என்று காரணம் பல. இறக்கும்போது நிறுத்துப் பார்க்க லாரிக்காரர் காத்திருப்பதில்லை. பின்னர் ஆய்வில் இருப்புக் குறைந்தால் விற்பனையாளரிடம் வசூல். அபராதம் எழுதுவது எங்கள் கடமை, எழுதுகிறோம். அவர் அதை எங்கே ஈடுகட்டுவார்? அட்டைதாரரின் பையில்தான். 2025-இல் கடைத் தராசை விற்பனைக் கருவியோடு இணைக்கும் ஏற்பாடு புகுந்தது. இது வாடிக்கையாளர் பக்கத்துத் தராசைத் திருத்துகிறது. கிடங்கின் பக்கத்துத் தராசைத் தொடவில்லை. ஒரு முனையை மட்டும் கட்டினால் சுமை நடுவிலிருக்கும் விற்பனையாளர் தலையில் விழும். அரிசி வாங்க வருபவரிடம் தேயிலையும் சோப்பும் கட்டாயமாகத் தள்ளப்படுவதும் இதே வகையைச் சேர்ந்தது. அவருக்கு விற்பனை இலக்கு விதித்தவர் மேலே இருக்கிறார். திட்டு வாங்குபவர் கடையில் இருக்கிறார்.

மூட்டை இறங்கும் நாளன்று இரண்டு அங்கத்தினர் உடனிருந்து, பத்து மூட்டையையாவது நிறுத்து, எடையைக் குறித்துக் கையொப்பமிடலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் கடைதோறும் கண்காணிப்புக் குழுவையும் சமூகத் தணிக்கையையும் எதிர்பார்க்கிறது. குழு பல ஊர்களில் பெயரளவில் இருக்கிறது. அதில் நெசவாளர் ஒருவரும் விவசாயி ஒருவரும் இடம்பெறக் கேட்கலாம். எடைக்குறிப்பையும் அங்கீகாரப் படிவங்களின் கணக்கையும் மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க விரும்புவோர், கூட்ட அறிவிப்பு அச்சாகும் முன்னரே செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்துவிட வேண்டும்.