பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எந்தத் தரை?

கொச்சியில், சுள்ளிக்கல்லில் அம்மா விட்டுச்சென்ற சின்ன ஓட்டு வீடு எங்களுடையது. மதுரையிலிருந்து ஓணத்துக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் போவோம். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். ஆசைப்பட்டு, மரம் போலத் தெரியும் லேமினேட் பலகை போட்டேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்து கதவைத் திறந்தால், பலகைகளின் ஓரமெல்லாம் அப்பளம் போல உப்பியிருந்தன. ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தேன்: அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம், ஈரமண் வாடை.

கூரை ஒழுகவில்லை. ஈரம் தரைக்குக் கீழிருந்து ஏறியிருக்கிறது. மரநாரை அழுத்திச் செய்த பலகை அதைக் குடித்துவிட்டது. ஜன்னல் திறக்க ஆளில்லாத வீட்டில் அது காய்வது எப்படி?

பாடம் பக்கத்திலேயே இருந்தது. மட்டாஞ்சேரி அரண்மனைத் தரை கறுப்புப் பளிங்கு போல மின்னும். உண்மையில் அது சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது. 1568-இல் கட்டிய பரதேசி யூதர் ஆலயத்திலோ, 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலச் சித்திரப் பீங்கான் ஓடுகள். இரண்டும் இந்தக் காயல் காற்றிலேயே நிற்கின்றன.

பூட்டிவைக்கும் வீட்டுக்கு மரமும் வேண்டாம், மரம் போன்றதும் வேண்டாம். விட்ரிஃபைடு டைல்ஸ் போடுங்கள். அது உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. சொரசொரப்பானதாகப் பார்த்து வாங்குங்கள், ஈரக்காலில் வழுக்காது. அதற்கும் முன்னால், கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பாலித்தீன் தாள் விரிக்கச் சொல்லுங்கள். கொத்தனார் தேவையில்லை என்றாலும் விடாதீர்கள்.

இந்த முறை எதிர்வீட்டுச் சேச்சியிடம் சாவி கொடுத்திருக்கிறேன், வாரம் ஒருநாள் ஜன்னல்களைத் திறந்துவைக்க.