சொத்தை இல்லாத பல்லும் விழும்

காரைக்குடியில் ஒரு வீடு. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். வளவில் தேன்குழலும் சீடையும் டின் டின்னாக அடுக்கியாயிற்று. "உப்பு சரியா இருக்கான்னு பாருங்க அப்பத்தா" என்று பேத்தி ஒரு தேன்குழலை நீட்டுகிறாள். அப்பத்தா அதை வாயில் வைக்காமல் காபி டம்ளரில் முக்குகிறார்.

"கடிக்க முடியலையா?"

"கீழ் முன்பல்லு ரெண்டும் ஆடுது. வயசாச்சுல்ல."

அவருக்கு 62 வயது. பல் தேய்க்கும்போது ரத்தம் வருவது பத்து வருஷமாகவே உண்டு. உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பார், வலித்தால் கிராம்பு எண்ணெய் தடவுவார். ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் பட்டால் இன்னும் வரும் என்று அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுவார். பல வீடுகளில் நடப்பதுதான் இது. எந்த இடத்தைக் கூடுதலாகச் சுத்தம் செய்ய வேண்டுமோ, சரியாக அந்த இடம்தான் விட்டுப்போகிறது.

பேத்தி விடவில்லை, பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். நாற்காலியில் சாய்ந்ததுமே அப்பத்தா பெருமையாகச் சொன்னார், "ஒரு சொத்தைப் பல் கிடையாது டாக்டர், நல்லாப் பாருங்க." டாக்டர் பார்த்தார். உண்மைதான், சொத்தையே இல்லை. மெல்லிய அளவுகோல் கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். மூணு, மூணு, அஞ்சு, ஏழு... மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்கு மேல் என்றால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ரே எடுத்தபோது கீழ் முன்பற்களைத் தாங்கும் எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

"சொத்தை இல்லாத பல்லும் விழும் ஆச்சி. உங்க வீட்டு பர்மா தேக்குத் தூண்ல பழுது ஒண்ணுமில்ல. அது நிக்கிற கல்லுதான் இறங்கியிருச்சு."

இதை உலகத்துக்கே எடுத்துக்காட்டியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள் என்பது பலருக்குத் தெரியாது. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களை 1970-ல் நார்வேயைச் சேர்ந்த ஹெரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரின் குழு பரிசோதித்தது. இத்தொழிலாளர்களின் முன்னோர் திருச்சி, மதுரை, பழைய இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். இன்றைய சிவகங்கை மாவட்டமும் அந்த பழைய இராமநாதபுரத்துக்குள் இருந்ததுதான். தோட்டத்தில் பல் வைத்தியம் கிடையாது. பிரஷ், பேஸ்ட் பழக்கமும் இல்லை. ஆனால் அவர்கள் பற்களில் சொத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை. அதே ஆட்களை 1985 வரை திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள்.

8 சதவீதம் பேருக்கு ஈறு நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் அநேகமாக எல்லாப் பற்களும் போய்விட்டன. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக முற்றியது. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, எலும்பு கரையவே இல்லை. சுத்தம் செய்யாத நிலையில் எல்லோரும் ஒன்றுதான். ஆனால் உடல்வாகு வேறு வேறு. "எங்க தாத்தா பிரஷ்ஷையே தொட்டதில்லை, எண்பது வயசு வரைக்கும் கரும்பு கடிச்சார்" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறதல்லவா? அந்தத் தாத்தா இந்த 11 சதவீதத்துக்காரராக இருக்கலாம். பேரனும் அதே கணக்கில் வருவான் என்று சொல்ல முடியாது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்லின் மீது கிருமிகள் வழவழப்பாகப் படியத் தொடங்கும். நாக்கால் தடவினாலே தெரியும். தேய்த்தால் போய்விடும். தேய்க்காமல் விட்டால் எச்சிலில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து சில நாட்களிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும். இதுதான் காரை. செட்டிநாட்டுச் சுவர் போல இறுகிப்போன பிறகு எந்த பிரஷ்ஷாலும் அதைப் பெயர்க்க முடியாது. கீழ் முன்பற்களின் உட்பக்கம்தான் இது முதலில் கட்டும். எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. கிருமிகளோடு உடல் நடத்தும் சண்டையில் ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். இந்தக் கட்டம் வரை முழுசாகச் சரியாகிவிடும். இதே லோ குழு 1965-ல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தது. பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

அதைத் தாண்டி எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. மேற்கொண்டு போகாமல் நிறுத்தத்தான் முடியும். பழைய பல்பொடி விளம்பரங்களில் 'பயோரியா' என்று வந்ததே, அது இந்தக் கட்டம்தான். சீழ் வடிவது என்பதற்கான கிரேக்கச் சொல் அது. சொத்தை வலித்து ஊரைக் கூட்டும். ஈறு நோய் வலிக்காமலேயே வேலையை முடித்துவிடும்.

டாக்டர் அடுத்துக் கேட்டது அப்பத்தா எதிர்பார்க்காத கேள்வி. "சுகர் எவ்வளவு இருக்கு ஆச்சி?" மூன்று மாத சராசரி 9.2. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். அது ஒரு பக்கம். ஈறு அழற்சி தானும் சர்க்கரையை ஏற்றிவிடும். அது மறுபக்கம். ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் இந்த சராசரி அளவு ஏறத்தாழ 0.4 புள்ளி இறங்குவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரியவந்திருக்கிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்த இது போதாதுதான். ஆனாலும் சும்மா கிடைக்கிற இறக்கம் அல்லவா?

ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அவர்களும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல் சிகிச்சைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்குவது சகஜம். பிரஷ்ஷை நிறுத்தாமலிருந்தால் போதும், டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்வதிலும் தவறில்லை. புகை பிடிப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் ரத்தமே வராது. ஈறு நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டே பல்லை இழப்பார்கள்.

"காரை எடுத்தா பல்லு ஆடுமாமே?" என்று அப்பத்தா கேட்டார். ஊரெல்லாம் உள்ள பயம் இது. காரையை எடுத்ததும் பல் கூசும், இடைவெளி தெரியும், சில சமயம் ஆட்டமும் கூடின மாதிரி இருக்கும். ஆட்டம் ஏற்கெனவே வந்ததுதான். அதுவரை காரைதான் சிமென்ட் போல ஒட்டிப் பிடித்து அதை மறைத்துக்கொண்டிருந்தது. அப்பத்தாவுக்கு மரக்க ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்தார்கள், இரண்டு தடவையாக. பள்ளம் ஆழமாகவே நின்றுவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரும். தனியாரிடம் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவு இருக்கிறது. பக்கத்திலேயே புதுக்கோட்டையில் 2023-ல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மிருதுவான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேருமிடத்தில் சற்றே சாய்த்து வைத்து, இரண்டு நிமிஷம், காலையிலும் படுக்கப் போகும்போதும். படுக்கப் போகும்போது தேய்ப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் விட்டுப்போகிறது. இரவில் எச்சில் சுரப்பது குறையும் என்பதால் கிருமிகளுக்கு அதுதான் வசதியான நேரம். பல்லிடுக்குக்குச் சின்ன பிரஷ் தனியாகக் கிடைக்கிறது. ஊக்கும் தீக்குச்சியும் வேண்டாம். வேப்பங்குச்சி கெடுதல் இல்லை, ஆனால் கடைவாயின் உட்பக்கம் அது எட்டாது. செங்கல் பொடியும் உமிக்கரியும் பல்லைத் தேய்த்தே கரைத்துவிடும். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு பிடித்திருந்தால் செய்யலாம், பிரஷ்ஷுக்குப் பதிலாக அல்ல. வெற்றிலைத் தட்டு இல்லாத விசேஷம் செட்டிநாட்டில் ஏது? தாம்பூலம் கொடுப்பதும் வாங்குவதும் இருக்கட்டும். தினமும் மெல்லுவதுதான் தொல்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

கல்யாணத்துக்கு அப்பத்தா தேன்குழலைக் காபியில் முக்கித்தான் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோது ஏழு நாலாகியிருந்தது. ஆடிய இரண்டில் ஒரு பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொன்றைப் பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்து இணைத்திருக்கிறார்கள். சர்க்கரை 8.1, மாத்திரையை மாற்றியதும் அதற்கு ஒரு காரணம்.

கிளம்பும்போது டாக்டர் பேத்தியைப் பார்த்து, "உங்களுக்குப் பல் தேய்க்கிறப்ப ரத்தம் வருமா?" என்றார்.

"எப்பவாவது. லேசாத்தான்."

"உக்காருங்க. அப்பத்தாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும்."