இடவப்பாதியில் பனாமா

பேச்சிப்பாறையிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட மடல் வரைந்துள்ளார். அவருக்கு வயது 66. அணைக்கு அருகே சிறு ரப்பர்த் தோட்டம் உண்டு. கப்பல் தொழில் சார்ந்த நிறுவனமொன்றில் பணியாற்றும் மகன், மத்திய அமெரிக்காவில், பனாமா நாட்டின் தலைநகரான பனாமா நகரில் குடும்பத்தோடு வாழ்கிறார். பேரக்குழந்தைக்கு மே மாத இறுதியில் திருமுழுக்கு. "அப்போது அங்கே மழைக்காலம், திருமுழுக்கைத் தள்ளி வைக்கிறேன், ஜனவரியில் வாருங்கள் என்கிறான் மகன். என் மனைவிக்கோ இப்போதே போக ஆசை. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று வினவுகிறார்.

மகன் சொல்வதில் தவறில்லை. பனாமாவில் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம், அதன்பின் மழை. வழக்கமாக ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கூடும் உலக இளையோர் நாள், பனாமாவில் 2019 ஜனவரி 22 முதல் 27 வரை நடைபெற்றதற்கு இப்பருவமே காரணம். ஆயினும் மழைக்காக ஒரு குழந்தை ஏழெட்டு மாதம் திருமுழுக்கின்றிக் காத்திருக்க வேண்டுமா? அதுவும் பேச்சிப்பாறைக்காரர் மழைக்கு அஞ்சியா? பனாமா நகரம் ஏறக்குறைய 9 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. பேச்சிப்பாறை எட்டரைப் பாகையில். ஒரே வெயில், ஒரே புழுக்கம். அங்குள்ள மே மாத மழை நம் இடவப்பாதிபோல் நாள் முழுதும் பிடித்துப் பெய்வதைவிட, ஐப்பசி மழைபோல் பெரும்பாலும் நண்பகலுக்குப் பின் இடியோடு இறங்குவது. ஆகவே ஊர் பார்ப்பதைக் காலையில் முடித்துக்கொள்க. 1671-இல் மார்கன் என்ற கடற்கொள்ளையன் தாக்கியபோது அழிந்த பழைய நகரின் இடிபாடுகளையும், 1673 முதல் வேறிடத்தில் எழுந்த நகரின் பேராலயத்தையும் காணலாம். அங்குள்ள சூசையப்பர் ஆலயத்தின் பொற்பீடத்தைக் கறுப்பு பூசி மார்கனிடமிருந்து காத்ததாக ஒரு கதை சொல்வார்கள். கேட்டு மகிழ்க, வரலாறாகக் கொள்ளற்க.

ஆனால் நம் வாசகர் தவறாமல் காணவேண்டியது பனாமா கால்வாய். கால்வாய் என்றதும் இரு கடல்களுக்கு இடையே வெட்டிய வாய்க்கால் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது மலையேறி இறங்கும் நீர்வழி. சாக்ரெஸ் ஆற்றை அணையிட்டுத் தடுத்து, கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் கட்டூன் என்னும் ஏரியை உண்டாக்கினர். கப்பல்களைத் தொட்டி தொட்டியாக நீர் நிரப்பி அவ்வேரிக்கு ஏற்றி, மறுபுறம் இறக்குகின்றனர். நகருக்கு அருகே மிராப்புளோரெஸ் என்னுமிடத்தில் நின்று இதனைக் காணலாம். ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் செலவாகிறது. தலைநகருக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் கட்டூனும் ஒன்று. 2023-இல் மழை பொய்த்தபோது, நாளொன்றுக்கு 36 கப்பல்கள் சென்ற வழியில் 2024 தொடக்கத்தில் 24 மட்டுமே விடப்பட்டன. பேச்சிப்பாறை அணை முடிந்தது 1906-இல். கட்டூன் ஏரி 1913-இல். 48 அடி அணையில் இன்று எத்தனை அடி என்று நாளிதழில் பார்த்துவிட்டே காப்பி குடிப்பவர் நம் வாசகர். கன்னிப்பூ சாகுபடிக்கு ஜூன் முதல் நாளில் மதகு திறக்குமா என்று கீழ்நாட்டு உழவர் காத்திருப்பதும், மே மாதத்தில் முதல் மழைக்காகப் பனாமாவினர் வானம் பார்ப்பதும் அவருக்கு வேறு வேறாகத் தோன்றா.

மழையைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பனாமா சென்று திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை நம் அரசு கேட்கிறது. இல்லையேல் ஆறு நாள் வரை தனித்து வைப்பர். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்று செல்லும். கிண்டி கிங் நிலையம் போன்ற ஏற்புப் பெற்ற நடுவங்களில் மட்டுமே இதனைப் போடுவர். அறுபது கடந்தவர்களுக்கு இவ்வூசி அரிதாகக் கடுந்தீங்கு விளைக்கக்கூடும். எனவே தாங்களும் அம்மையாரும் விமானச் சீட்டு வாங்குமுன்பே மருத்துவரைக் காண்க. ஊசி வேண்டாம் என்று அவர் சொன்னால், எழுத்தில் பெறுக. அப்போதும் திரும்பும்போது தனித்து வைக்கப்படலாம் என எண்ணியே முடிவு செய்க. பனாமா விசாவுக்குத் தில்லியிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்தை அணுகுக. இந்தியாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. இடையில் மாறும் நாட்டுக்கும் விசா வேண்டுமா என்பதைக் கேட்டறிக.

உணவைப் பற்றி அம்மையார் அஞ்சுவதாக எழுதியுள்ளீர்கள். அங்கே பச்சை வாழைக்காயை நசுக்கிப் பொரிக்கிறார்கள், கோழிச்சாற்றில் காய்ச்சில் கிழங்கு போடுகிறார்கள், மரச்சீனியை அவித்தும் பொரித்தும் உண்கிறார்கள். மரச்சீனியும் தங்கள் ரப்பரும் அந்தப் பக்கத்துத் தென் அமெரிக்காவிலிருந்தே நமக்கு வந்தவை. கருப்பட்டி வேண்டுமானால் கொஞ்சம் எடுத்துச் செல்லட்டும்.

புறப்படுமுன் மரங்களுக்கு மழை மறைப்புக் கட்டும் வேலையை முடித்துவிடுங்கள். பால்வெட்டுக்காரரிடம் ஒப்படைத்துப் போனால் பாதி மரம் விட்டுப்போகும், இது அனுபவம். மற்றபடி, அவ்வூர் நேரம் நமக்குப் பத்தரை மணி பின்னால். இங்கே மாலை நான்கரை ஆகும்போது அங்கே காலை ஆறு. அந்த நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, அணையில் எத்தனை அடி என்று கேட்டுக்கொள்ளலாம்.