குமரன் உறங்கிய பிறகு

வைத்தீஸ்வரன்கோயிலில் அர்த்தசாம வழிபாட்டுக்கு ஒரு முறை உண்டு. முதலில் பிள்ளைக்கு, பிறகே பெற்றோருக்கு. செல்வமுத்துக்குமார சுவாமிக்குப் புழுகு சாத்தித் தீபாராதனை முடிந்த பின்னரே வைத்தியநாதப் பெருமானுக்கு அர்த்தசாம பூஜை நடைபெறும். ‘புழுகாப்புத் தரிசனம்’ என்று இதனைச் சிறப்பித்துச் சொல்வர். பேரப்பிள்ளைக்கு முடியிறக்கவும் காது குத்தவும் குடும்பத்தோடு சென்று, சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைத்து, திருச்சாந்துருண்டை பெற்றுக்கொண்டு, மாலையிலேயே ஊருக்கு விரைந்துவிடுபவர்கள்தாம் மிகுதி. இரவு தங்குபவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் காட்சி இது. பிள்ளையை உறங்கவைத்துவிட்டு, பிறகு ஒருவருக்கொருவர் முகம் பார்த்து அமரும் தாய் தந்தையரின் நினைவு, அதனைக் காண்பவர் மனத்தில் எழாமல் இராது.

மதுரையில் இரவு நேரத்தில் நின்றவர்களுக்கு இந்த உணர்வு இன்னும் தெளிவாகவே விளங்கியிருக்கும். நாள் முழுவதும் உலகத்துக்கு அம்மையப்பராக அருள்புரிந்தவர்கள் இரவில் கணவனும் மனைவியுமாகிறார்கள். சொக்கநாதப் பெருமானின் திருவடிகள் பல்லக்கில் எழுந்தருளி, நாதசுரமும் மேளமும் சாம்பிராணிப் புகையும் சூழ, அம்மன் சந்நிதியின் பள்ளியறையை அடைகின்றன. நிவேதனம் ஆகிறது, தீபம் காட்டப்படுகிறது, கதவு சாத்தப்படுகிறது. விடியலில் திருவனந்தலுக்குத்தான் அது மீண்டும் திறக்கும். விநாயகரும் முருகனும் அவரவர் சந்நிதியில் இருக்கிறார்கள். அம்மையும் அப்பனும் தங்களை விட்டுச் சென்றார்கள் என்று அவர்கள் வாடுவதாக எந்த அடியாரும் எண்ணுவதில்லை.

பகலில் சோமாஸ்கந்தர். அம்மைக்கும் அப்பனுக்கும் நடுவே குழந்தைக் கந்தன் அமர்ந்த அந்தத் திருக்கோலத்தைப் பல்லவர்கள் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலிலும் கல்லில் வடித்தார்கள். திருவாரூர்த் தியாகராசப் பெருமானும் அதே கோலத்தவர்தாம். இரவில் பள்ளியறை. இரண்டும் ஒரே திருக்கோயிலின் அன்றாட ஒழுங்கு.

இந்த ஒழுங்கைக் கண்டு கைகூப்பும் மூத்தோர்தாம், வீட்டுக்கு வந்ததும் வேறு சட்டம் பேசுகிறார்கள். மகனும் மருமகளும் சற்றுத் தயங்கி, “அடுத்த வாரம் இரண்டு நாள் நாங்கள் இருவர் மட்டும் எங்காவது போய் வரலாமென்று இருக்கிறோம். குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா, அம்மா?” என்று கேட்கும் வேளையில் எழும் மௌனம் பல வீடுகளுக்குப் பழக்கமானது. “பார்த்துக்கொள்கிறோம்” என்று வாய் சொல்லும். “குழந்தையை விட்டுவிட்டு அப்படியென்ன ஊர் சுற்றல்?” என்று முகம் சொல்லும். அந்த முகத்தைப் படித்துவிட்ட மருமகள் மறுநாளே பயணத்தைக் கைவிட்டுவிடுவாள். வெளியே ஒரு சண்டையும் நடந்திருக்காது. ஆயினும் அன்று அவ்வீட்டில் ஒரு கதவு சாத்தப்பட்டது உண்மை.

அந்தத் தம்பதியரின் நாளைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு எரிகிறது. இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு டப்பா, பெரியவர்களுக்கு இரண்டு டப்பா. பெரியவனுக்குத் தயிர்சாதம் ஆகாது, சின்னவளுக்குக் காரம் ஆகாது. பள்ளி வண்டி, மின்சார ரயில், அலுவலகம், திரும்பியதும் வீட்டுப்பாடம். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லையா என்றால், நிறையவே பேசிக்கொள்கிறார்கள். எரிவாயு உருளை பதிவு செய்தாயிற்றா, பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா, குழாய் பழுதுபார்ப்பவர் வந்தாரா என்று. இவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் சொற்கள் மிகச் சில.

“எங்கள் காலத்தில் இப்படியா கேட்டோம்?” என்பது அடுத்த கேள்வி. கேட்கவில்லை என்பது மெய்தான். கூடத்தில் மாமனார், அடுக்களையில் மாமியார், திண்ணையில் மைத்துனர்கள் என்றிருந்த வீட்டில், கணவனோடு நான்கு சொல் பேசக் கிணற்றடிக்குக் குடத்தோடு போன தலைமுறை அது. இன்று எழுபதைத் தொட்ட ஒரு மூதாட்டியிடம், “நீங்களும் அவருமாக, இருவர் மட்டும் சென்ற பயணம் எது?” என்று கேட்டால், பெரும்பாலும் விடை உடனே வராது. யோசித்துவிட்டுத் திருக்கடையூர் என்பார். ஆனால் மணிவிழாவுக்காக அபிராமி சந்நிதிக்குச் சென்றபோதும் பிள்ளைகள், சம்பந்திகள், பேரன் பேத்திகள் என்று ஒரு வண்டி நிறைய ஆட்கள் உடனிருந்தார்கள். கலசநீர் தலையில் விழுந்தபோது கணவர் தன்னைத் திரும்பிப் பார்த்தார் என்பதை மட்டும் அவர் மறந்திருக்கமாட்டார். அந்த ஒரு பார்வைக்கு அறுபது வயது வரை காத்திருக்க நேர்ந்தது பெருமைக்குரியதா? தமக்குக் கிட்டாத ஒன்றை மருமகளுக்கும் கிட்டாமல் செய்வதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது நியாயமில்லை.

மேலும், அக்காலத்தில் தம்பதியர் பயணம் அறவே இல்லை என்பதும் சரியன்று. காசி யாத்திரை இருந்தது. பிரயாகையில் திரிவேணி சங்கமக் கரையில், கணவன் மனைவியின் கூந்தலைத் தன் கையாலேயே பின்னி, பூச்சூட்டி, நுனியைச் சிறிது கத்தரித்துக் கங்கைக்கு அளிக்கும் வேணிதானம் இன்றும் நடக்கிறது. வீட்டில் ஒருநாளும் மனைவியின் தலைவாரி விட்டிராத ஆடவர், ஆற்றங்கரையில் வாத்தியார் சொல்லச் சொல்ல, தட்டுத் தடுமாறிப் பின்னலிடுவதைப் பார்க்க வேண்டும். சாஸ்திரம் இதற்கென ஒரு சடங்கே வைத்திருக்கிறது.

இனி அடுக்களைக்கு வரலாம். ஏனெனில் இத்தகைய பயணங்கள் பெரும்பாலும் நின்றுபோவது அங்கேதான். “நீங்கள் போய்விட்டால் மூன்று வேளையும் நான் நின்று சமைக்க வேண்டுமா?” என்று மூட்டுவலியோடு கேட்கும் மாமியாரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கான விடை கோயில் மடைப்பள்ளியிலேயே இருக்கிறது. காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கில் குடலையில் வேகவைத்துப் படைக்கும் இட்லியும், அழகர்கோயில் தோசையும், புளியோதரையும் யாத்திரிகன் மூட்டையில் கட்டிச் செல்லத்தக்கவை. ஆறினாலும் சுவை குன்றாதவை.

வீட்டுக்குப் புளிக்காய்ச்சல் ஒன்றே போதும். 200 கிராம் பழைய புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். வாணலியில் 200 மில்லி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, இரண்டு கைப்பிடி கடலைப்பருப்பு, கிள்ளிய மிளகாய் வற்றல் 15, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றி, சிறுதீயில் கொதிக்கவிட வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் பச்சைப்புளி வாசனை போகாது, நாளும் தாங்காது. இறக்கும்போது, வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒன்றரைத் தேக்கரண்டி, தனியா இரண்டு மேசைக்கரண்டி, கறுப்பு எள் இரண்டு மேசைக்கரண்டி தூவிக் கிளற வேண்டும். ஈரமில்லாத கரண்டியையே பயன்படுத்தினால் இரண்டு வாரம் கெடாது. குளிர்பதனப் பெட்டியில் இன்னும் பல நாள் இருக்கும். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, பிறகு பிசைய வேண்டும். வேர்க்கடலையை அப்போது தனியே வறுத்துச் சேர்த்தால் நமுத்துப் போகாது.

சின்னவளுக்குப் பருப்புப்பொடி. ஒரு கப் துவரம்பருப்பு, கால் கப் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி மிளகு இவற்றைச் சிவக்க வறுத்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்து அரைத்துவிட்டால், சுடுசாதமும் நெய்யும் மட்டும் இருந்தால் போதும். குழந்தை தானே உண்ணும். இவற்றோடு தோசைமாவும் இருந்தால் இரண்டு நாள் என்ன, ஒரு வாரமே ஓடிவிடும். இந்தப் புட்டிகள் பயணத்துக்கு மட்டும் உரியவையும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தில் செய்து வைத்துவிட்டால், வார நாள்களின் விடியற்காலை அடுப்படிப் போர் பாதியாகக் குறையும். புளி கரைப்பதையும் பருப்பு வறுப்பதையும் மகன் செய்தால் குலப்பெருமைக்குக் குறை வந்துவிடாது. மடைப்பள்ளியில் பெருமாளுக்கும் ஈசனுக்கும் தளிகை செய்யும் கைகள் யாருடையவை என்பதை நினைவில் கொண்டால் போதும்.

எங்கே போவது என்பதில் இளையவர்களுக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. கும்பகோணத்தில் இறங்கி ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் வாடகை வண்டியில் சுற்றி முடிப்பது புண்ணியமாக இருக்கலாம், ஓய்வாகாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சந்நிதிக்குள் ஓடுபவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதேது? ஒரே ஊர், ஒரே கோயில், ஓர் இரவு போதும். வைத்தீஸ்வரன்கோயிலுக்கு ரயில் நிலையமே இருக்கிறது. ஊடலும் கூடலும் காண விரும்புவோர்க்குத் திருவண்ணாமலை உண்டு; அங்கே தை மாதம் இரண்டாம் நாள் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் திருவூடல் நடக்கும். திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று, உறையூர் சென்று திரும்பிய நம்பெருமாளுக்குத் தாயார் கதவடைக்கும் பிரணயகலகமும், சமாதானமாகி இருவரும் ஒருசேர அமரும் சேர்த்தியும் நடைபெறும். ஆண்டுக்கு ஒருநாள் மட்டுமே கிட்டும் அந்தச் சேர்த்தியைத் தம்பதியராகச் சென்று சேவிப்பது தனிப்பேறு. ஆயினும் திருவிழாக் கூட்டத்துக்கு அஞ்சுவோர் சாதாரண நாளில் செல்வதே நலம். கோயிலுக்கே போக வேண்டும் என்றும் கட்டாயமில்லை. கொடைக்கானலில் ஏரிக்கரையோரம் நடந்துவிட்டு வந்தாலும் அதே மனைவிதான், அதே கணவன்தான்.

மூத்தோர் ஒப்புக்கொள்ளும் முன் சிலவற்றைத் தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது. தாய்ப்பால் மறவாத குழந்தையை விட்டுச் செல்வது பொருந்தாது. இரவில் விழித்து அழும் வயதென்றால், முதலில் ஓர் இரவு மட்டும் பழக்கிப் பார்க்கலாம். மருந்து அளவு, மருத்துவர் தொலைபேசி எண், பள்ளி வண்டி வரும் நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். தாத்தாவுக்கு இரத்த அழுத்தமோ பாட்டிக்கு நடக்க இயலாமையோ இருந்தால், அத்தையையோ சித்தியையோ துணைக்கு அழைப்பதில் கூச்சம் வேண்டாம். முடியாத இடத்தில் முடியாது என்று சொல்வதும் பெரியவர்களின் உரிமை. மாதந்தோறும் வழக்கமாகிவிட்டால் அன்பு சுமையாகிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை என்றால் யாருக்கும் வலிக்காது. பயணம் போனவர்களும் மணிக்கொரு தரம் அழைத்து, “சாப்பிட்டாளா, தூங்கினாளா?” என்று விசாரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாலையில் ஒருமுறை பேசினால் போதும்.

இன்னொன்றையும் மகனிடம் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம். அவர்கள் திரும்பி வந்த பிறகு, அதே புளிக்காய்ச்சல் புட்டியை நம்பி வீட்டை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, பெரியவர்கள் இருவர் மட்டும் புறப்படும் நாள் எது என்று. திருக்கடையூருக்கே மீண்டும் போகலாம்; இம்முறை வண்டியில் இரண்டு இருக்கை போதும்.