வானம் கண்டது லயத்துக்கு எட்ட வேண்டாமா?

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைப் புதைத்தது. மாண்டவர் 70 பேர். பெரும்பாலோர் பிழைப்புக்காக மலையேறிய தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வெளியுலகுக்குச் செய்தி எட்டியதே மறுநாள் காலையில்தான்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைக்கும் அதே கதி நேர்ந்தது. 200-க்கும் அதிகமானோர் பலியாயினர். ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தது. சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்து, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதே இடத்தில் முன்பே சரிவு நேர்ந்த தடயமும் பழைய படத்தில் தெரிந்தது. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

இம்மையம் 2023-ல் வெளியிட்ட நிலச்சரிவுத் தொகுப்பில், அபாய வரிசைப்படி 147 மாவட்டங்கள் உள்ளன. வயநாடு 13-வது, இடுக்கி 18-வது. ஆகவே, ஆபத்து தெரியாமல் இல்லை.

இன்றைய ரேடார் செயற்கைக்கோளுக்கு மேகமும் இருட்டும் தடையல்ல. ஒரே சரிவை மீண்டும் மீண்டும் படமெடுத்து ஒப்பிட்டால், நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் புலப்படும். 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய 'நிசார்' இத்தகையதே. 12 நாளைக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும்.

இன்ன நாளில் மலை சரியும் என்று இது ஜோசியம் சொல்லாது. பெருமழையில் திடீரெனப் பெயரும் மண்ணை முன்கூட்டிக் காட்டவும் இதனால் எப்போதும் இயலாது. ஆனால், எந்தச் சரிவு அசைகிறது, எங்கே முன்பு சரிந்தது, எந்த ஓடையின் வழியே மண் இறங்கும் என்பதையெல்லாம் அறிய உதவும். வீடு கட்டக் கூடாத இடத்தைச் சொல்ல அது போதும்.

அறிந்ததை யாரிடம் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. 2023 ஜனவரியில், உத்தராகண்டின் ஜோஷிமட் நகரம் 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் அமிழ்ந்ததாக இதே மையம் தெரிவித்தது. குழப்பம் உண்டாகிறது என்று கூறி, ஆய்வு நிறுவனங்கள் பத்திரிகைகளுக்குத் தகவல் தர வேண்டாமென அதிகாரிகள் உத்தரவிட்டனர். படங்களும் விலக்கிக்கொள்ளப்பட்டன. வீட்டுச் சுவர் விரிந்து நிற்கும் குடும்பத்துக்கு விளக்கம் தராமல் இருப்பதே பெரிய குழப்பம் அல்லவா?

மாவட்ட வரிசை எண்ணால் தொழிலாளிக்குப் பயனில்லை. அவர் லயத்துக்கு மேலுள்ள சரிவு எப்படிப்பட்டது என்பதை, அவர் படிக்கும் மொழியில் லயத்துச் சுவரிலேயே எழுதி ஒட்ட வேண்டும். ஆபத்தான இடத்து லயங்களை மழைக்காலத்துக்கு முன்பே காலி செய்து, மாற்று வீடு தர வேண்டும். தோட்ட நிர்வாகத்தையும் அரசையும் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கூலி உயர்வு கேட்பதற்கு இணையான உரிமைதான் இதுவும்.