நெட் இல்லையா? கேம் ஆடலாம்!

கடலூர் மாவட்டம் மங்களூரில் பாட்டி வீடு. பள்ளிக்கு லீவு. காலை 10 மணிக்கே அன்றைய டேட்டா காலி! 'இனி என்ன பண்றது?' என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் ஆப்தான் எமுலேட்டர்.

பழைய கேம் கருவியின் வேலையை மொபைலிலேயே செய்துவிடும் ஆப் இது. டி.வி-யில் கேசட் செருகி மரியோ ஆடிய காலத்தில் நெட்டா கேட்டது? கேம் கேசட்டுக்குள் இருந்தது. இதில் கேம் ஃபைல் போனுக்குள் இருக்கும்.

சோனியின் பி.எஸ்.பி கருவிக்கான எமுலேட்டர், பி.பி.எஸ்.எஸ்.பி.பி. 2012-ல் வந்த இலவச ஆப். ஊருக்குக் கிளம்பும் முன், நெட் இருக்கும்போதே இவற்றைச் செய்யுங்கள்:

* ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள்.

* ஆப்புக்குள் உள்ள 'ஹோம்ப்ரூ ஸ்டோரில்' ஆர்வலர்கள் உருவாக்கிய இலவச கேம்களை டவுன்லோடு செய்யுங்கள்.

* ஏரோபிளேன் மோடில் ஒருமுறை ஆடிப் பாருங்கள். இங்கே ஓடினால் ஊரிலும் ஓடும்.

ரெட்ரோஆர்ச் ஆப் என்றால், கேமை இயக்கும் 'கோர்' ஃபைலையும் முன்பே இறக்கிவைக்க வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு... 'ஆயிரம் கேம் ஃப்ரீ' என அழைக்கும் தளங்கள் பக்கம் போகவேண்டாம். காப்புரிமை மீறலோடு வைரஸும் சேர்ந்து வரலாம். எஸ்.எம்.எஸ், கான்டாக்ட்ஸ் அனுமதி கேட்கும் எமுலேட்டரை உடனே நீக்கிவிடுங்கள். கேம் ஆட அவை எதற்கு?

நெட் இல்லாத ஆட்டத்தில் முகம் தெரியாதவர்கள் சாட்டில் வரமாட்டார்கள். 'போதும், சாப்பிட வா' என்று கூப்பிட மட்டும் வீட்டில் ஓர் ஆள் வேண்டும்!